பட்டினச்சேரியில் காத்திருந்த கேப்டன்

தை பிறந்த அன்றைக்கே சோமசேகரன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்த வருஷம் கோடியக்கரைக்குப் போவது. காரில் போவது. கூட்டமாகப் போவது. முக்கியமாக, பெண்டாட்டி இல்லாமல் போவது.

கடைசி வாக்கியத்தை மனதுக்குள்கூட அவர் மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டார். பெரியநாயகிக்குக் காது அவ்வளவு கூர்மை.

விழிதியூரில் சோமசேகரனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய பத்மினியைத் தெரியாதவர்கள் கிடையாது. வெண்ணெய் நிறத்தில் ஒரு பழைய கார். காரைக்கால் வேளாண்மை ஆபீஸில் அவர் சூப்பரின்டெண்ட். ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தொடங்கும். பத்மினியைக் குளிப்பாட்டுவார், துடைப்பார், பானட்டைத் திறந்து நலம் விசாரிப்பார். ஒரு தடவை, "பத்மினியைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று ஆபீஸில் அரை நாள் லீவு கேட்டார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி சாயங்காலம் ஆப்பிளும் ஆரஞ்சுமாக வீட்டுக்கே வந்துவிட்டாள். பெரியநாயகி பழத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "ஷெட்டுல படுத்திருக்காங்கம்மா, போய்ப் பாரு" என்றாள்.

பழைய கார் வைத்திருக்கிற சிலரைச் சேர்த்துச் சோமசேகரன் ஒரு குழு ஆரம்பித்திருந்தார். பெயர், காரைக் காதலர் குழு. காரை என்றால் காரைக்கால் என்றும் ஆயிற்று, காரைக் காதலிப்பவர்கள் என்றும் ஆயிற்று. இந்தச் சிலேடையைக் கண்டுபிடித்தவர் அவரே என்பதால் கேப்டன் பதவியும் அவருக்கே வந்தது. வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னபோது பெரியநாயகி கேட்டாள்:

"தாரக் காதலர் குழுன்னு ஏதாவது இருக்குங்களா?"

"இல்லையே, ஏன்?"

"இருந்தா அதுல உங்க பேரைக் கொடுக்கலாம்னு பார்த்தேன்."

அவளை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று அவர் நினைத்ததற்குக் காரணம் ஒரே ஒரு சொல். "நிறுத்துங்க." பத்மினியில் ஏறி உட்கார்ந்தால் அவளுக்கு வேறு சொல்லே வராது. ஆடு வருது, நிறுத்துங்க. அந்த வயல்ல என்னமோ நிக்குது, நிறுத்துங்க. இந்த மரத்துல என்னா பூ பாருங்க, நிறுத்துங்க. மாயவரம் போய்த் திரும்புவதற்குள் பிரேக் மிதித்து மிதித்து அவருக்குக் கால் மரத்துப்போகும். காரைக்காலில் காரைவிடத் தன் கால்தான் அதிகம் உழைக்கிறது என்பது அவர் கட்சி. ஆறு பழைய கார்கள், ஒன்றன் பின் ஒன்றாக, எங்கேயும் நிற்காமல் கடற்கரைச் சாலையில் போகவேண்டும். முதல் வண்டி தன்னுடைய பத்மினி. அதுதான் அவருடைய கனவு.

முகைதீன் பிச்சையின் டயர் கடையில் கூட்டம் கூடியது. முகைதீன் பிச்சை அவருடைய பள்ளிக்கூடத்து நண்பர், குழுவில் ஜீப்புக்காரர். பேசவேண்டியது ஒரே விஷயம். எல்லோரும் எங்கே வந்து சேருவது?

"பீச்சுல கூடுவோம்" என்றான் ராஜ்மோகன். பேங்க் வேலை, புது மாப்பிள்ளை, அப்பா விட்டுப்போன மாருதி. "லைட் ஹவுஸ் பக்கத்துல. எல்லாருக்கும் தெரிஞ்ச இடம்."

"அதனாலதான் வேணாங்குறேன்" என்றார் சோமசேகரன். "காலையில வாக்கிங் வர்றவங்கள்ல பாதிப் பேர் நமக்குச் சொந்தக்காரங்க. நேரா வீட்டுக்குச் செய்தி போயிடும்."

"அப்ப நிரவி?"

"அங்க என் கொழுந்தியா இருக்கா."

"திருமலைராயன்பட்டினம் மெயின் ரோடு?"

"நம்ம குழு நூர் அகமதோட மச்சான் கடை வெச்சிருக்கான்."

"நெடுங்காடு?"

"உன் மாமியார் வீடு எங்கடா இருக்கு?"

ராஜ்மோகன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பெண்டாட்டி பக்கத்துச் சொந்தம் ஒருத்தர்கூட இல்லாத இடத்தைக் காரைக்கால் முழுக்கத் தேடி, கடைசியில் பட்டினச்சேரிதான் தேறியது. மீனவர் ஊர். படகுகள் நிற்கிற கடற்கரை முனை. அங்கே யாருக்கும் மாமியாரும் இல்லை, மச்சானும் இல்லை.

"சோமு" என்று மெதுவாக ஆரம்பித்தார் முகைதீன் பிச்சை. "ஊட்ல ஆஸியா நாகூரைத் தாண்டி எங்கயும் பார்த்ததில்ல. கூட்டிட்டு வரட்டுமா?"

"முகைதீன், இது கான்வாய். கல்யாண ஊர்கோலம் இல்ல."

"அப்ப ஊட்ல என்னான்னு சொல்றது?"

அதற்கும் கேப்டன் வழி வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு பொய் தயார் செய்து பங்கு போட்டுக் கொடுத்தார். முகைதீன் பிச்சைக்குக் கும்பகோணத்தில் டயர் லோடு. ராஜ்மோகனுக்குப் பேங்கில் ஆடிட். தனக்கு நெடுங்காட்டில் டைரக்டர் ஆய்வு. இன்னொரு சட்டமும் போட்டார். போனை அணைத்து வைக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் பெரியநாயகி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சோமசேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாயகி, ஞாயித்துக்கிழமை எனக்கு நெடுங்காட்டுல வேலை. சம்பா மகசூல் எடுக்குறாங்க. புதுச்சேரியிலேர்ந்து டைரக்டர் வர்றார்."

"ஞாயித்துக்கிழமையா?"

"நெல்லுக்குத் தெரியுமா ஞாயித்துக்கிழமைன்னு?"

"நெல்லுக்குத் தெரியாதுங்க. டைரக்டருக்குத் தெரியணுமே."

"பெரிய அதிகாரிங்க நாள் கிழமை பார்க்கமாட்டாங்க. பத்மினியை எடுத்துட்டுப் போறேன். ஆபீஸ் ஜீப் வேற வேலையா போயிருக்கு, அவரை நான்தான் கூட்டிட்டுச் சுத்தணும்."

"போன் பண்ணினா எடுப்பீங்களா?"

"அணைச்சு வெச்சிருப்பேன். டைரக்டர் முன்னாடி போன் அடிச்சா மரியாதையா இருக்காது."

"சரிங்க."

இவ்வளவு சீக்கிரம் அவள் 'சரிங்க' சொன்னது கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் முதல் தடவை. அந்த இடத்திலேயே அவர் பயந்திருக்கவேண்டும். தன் பேச்சுத் திறமையை நினைத்துப் பூரித்துப்போனார்.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "கோடியக்கரையில இப்ப பூநாரை வந்திருக்குமாம். பேப்பர்ல போட்டிருந்தான்."

அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அடுத்த தைக்குப் போவோம் நாயகி."

"அடுத்த தையா" என்றாள் அவள். அதைக் கீரையிடம் சொன்ன மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலமே சோமசேகரன் போனை அணைத்துவிட்டார், பழக்கப்படுத்திக்கொள்ள. ஞாயிற்றுக்கிழமை இருட்டுப் பிரிவதற்குள் எழுந்தார். இந்தப் பயணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த கூலிங்கிளாஸைத் தேடினார். காணோம். தேடினால் கேள்வி வரும் என்று விட்டுவிட்டார். வாசலில் பெரியநாயகி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தை மாசம், பொம்பளைகளுக்கு உற்சாகம் என்று நினைத்துக்கொண்டு, கோலத்தை மிதிக்காமல் பத்மினியை வெளியே எடுத்தார்.

"டைரக்டரைக் கேட்டதா சொல்லுங்க" என்றாள் அவள்.

பட்டினச்சேரி முனையில் பத்மினியை நிறுத்தியபோது கடலிலிருந்து படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. சோமசேகரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேப்டனாக நின்றார். யாரும் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. மீன் ஏலம் முடிந்து கூட்டம் கலைந்தது. காரைக் காதலர்களில் ஒரு காதலரையும் காணோம்.

போனைப் போட்டுப் பார்க்கலாமா என்று கை போனது. சட்டம் போட்டவரே மீறக்கூடாது என்று கையை இழுத்துக்கொண்டார். மீறினால் அந்த நேரம் பார்த்து நாயகி கூப்பிட்டுவிடுவாள் என்ற பயமும் இருந்தது.

"ஐயா, வண்டி நாகூர் போகுங்களா?"

திரும்பிப் பார்த்தார். ஒரு மீன்காரம்மா. பக்கத்தில் இரண்டு பெரிய கூடைகள்.

"இது வாடகை வண்டி இல்லம்மா."

"வாடகை இல்லாம சும்மாவா கூட்டிட்டுப் போறீங்க? நல்லாயிருப்பீங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டே அந்தம்மா கதவைத் திறந்து ஒரு கூடையை ஏற்றிவிட்டாள். "வர்ற ஆட்டோ இன்னிக்கு வரல. வஞ்சிரம் வெயில்ல கிடக்குது. செல்லம்னு கேட்டா நாகூர் மார்க்கெட்டுல எல்லாருக்கும் தெரியும், பயப்படாதீங்க."

பயப்பட்டது அவர் தன்னைப் பற்றி அல்ல, பத்மினியின் சீட்டைப் பற்றி. ஆனால் ஒரு யோசனை வந்தது. ஒருவேளை எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டு நாகூரில் போய்க் காத்திருக்கிறார்களோ? போய்த்தான் பார்ப்போமே. ஏறச் சொன்னார்.

செல்லம் ஏறி உட்கார்ந்ததும் முதலில் சொன்னது, "ஐயா, நிறுத்துங்க. செருப்பை விட்டுட்டேன்."

மெயின் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் இன்னும் இரண்டு தடவை நிறுத்தினாள். மூன்றாவது, ஐஸ் வாங்குவதற்காக. ரோட்டோரம் அவள் ஐஸ்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, சோமசேகரன் ஐஸ் லாரிக்கு மறைவாக வண்டியை ஒதுக்கிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தார்.

ஒரு ஜீப் வந்தது. அதன் முகப்பில் 'காரைக் காதலர் குழு' என்று பேனர். பின்னால் ராஜ்மோகனின் மாருதி. அதற்குப் பின்னால் நூர் அகமது. அதற்குப் பின்னால் மற்றவர்கள். ஒன்றன் பின் ஒன்றாக, அவர் கனவில் கண்ட அதே இடைவெளியில். ஒவ்வொரு வண்டியிலும் புடவை பறந்தது. முதல் வண்டியின் முன்சீட்டில், காற்றில் தலைமுடி பறக்க, கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கூலிங்கிளாஸ் அவருடையது. பெண்ணும் அவருடையவள்தான்.

சோமசேகரன் ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்துவிட்டார்.

நெடுங்காட்டில் இருக்கவேண்டிய மனுஷன் இங்கே எப்படித் தலையைக் காட்டுவது? தான் உண்டாக்கிய கான்வாய் தன்னைத் தாண்டிப் போவதை, ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் அவரால் எண்ண முடிந்தது. கடைசி ஹாரனும் தேய்ந்த பிறகு நிமிர்ந்தார். போனை உயிர்ப்பித்து முகைதீன் பிச்சையைக் கூப்பிட்டார்.

"சோமு!" காற்றுச் சத்தத்துக்கு மேலே கத்தினார் முகைதீன் பிச்சை. "டைரக்டர் விட்டுட்டாரா?"

"எந்த டைரக்டர்?"

"அதான், நேத்து சாயங்காலம் தங்கச்சி எல்லாருக்கும் போன் போட்டுச்சே. உனக்கு நெடுங்காட்டுல டைரக்டர் வேலை வந்துட்டுது, உனக்காக யாரும் பயணத்தை நிறுத்தவேணாம், குடும்பத்தோட எங்க வூட்டுல வந்து கூடுங்க, இட்லி ஊத்தி வெக்கிறேன்னுச்சு. நீ சொன்ன பொய்யே உனக்கு நெஜமாயிடுச்சேன்னு எல்லாரும் பாவப்பட்டோம். ஒனக்குப் போட்டுப் பார்த்தேன். அணைச்சுக் கெடந்துச்சு. இந்தா, தங்கச்சிக்கிட்டயே பேசு."

"வேணாம் முகைதீன், வேணாம்..."

"என்னாங்க" என்றாள் பெரியநாயகி. "டைரக்டர் பக்கத்துல இருக்காரா?"

சோமசேகரன் கண்ணை மூடிக்கொண்டார். "இருக்கார்."

"உங்களுக்கு வேலைன்னு சொன்னீங்க. எல்லாம் ஏற்பாடு பண்ணி வெச்சது வீணாப் போகுமேன்னுதான், நான்..."

"ஐயா!" என்று பின்கதவைத் திறந்து கத்தினாள் செல்லம். "ஐஸு உருகுது! வண்டிய எடுங்க!"



"யாருங்க அது, பொம்பளைக் குரல்?"

"டைரக்டர்."

"நேத்து வரைக்கும் ஆம்பளையா இருந்தாரே?"

"மாத்தல் ஆயிடுச்சு."

"அப்படீங்களா. அம்மாவை வெயில்ல நிக்கவிடாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

செல்லத்தை நாகூர் மார்க்கெட்டில் இறக்கிவிட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி அவர் கொஞ்ச நேரம் நின்றார். தெற்கே போனால் கோடியக்கரை. மிதித்தால் அவர்களைப் பிடித்துவிடலாம். பிடித்து என்ன சொல்வது? பத்மினியை வடக்கே திருப்பினார். வீட்டுக்கும் போக முடியாது, பூட்டியிருக்கும், சாவி அவளிடம். வேறு வழி தெரியாமல் நெடுங்காட்டுக்கே போனார். சொன்ன பொய்யையாவது காப்பாற்றலாம்.

வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் ஒருவர் ஓடி வந்தார். சுப்பையன், அந்தப் பக்கத்து விவசாயி.

"ஞாயித்துக்கிழமையும் பார்க்க வந்துட்டீங்களே ஐயா! வந்ததே வந்தீங்க, இந்தக் கதிரைக் கொஞ்சம் பாருங்க. எலி வெட்டிருக்கா, பூச்சியான்னு தெரியல."

பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சோமசேகரன் வயலில் இறங்கினார். எலிதான். அதற்கு மருந்து சொல்லி, வரப்பு வரப்பாக நடந்து, சுப்பையனின் பங்காளிகள் வயலையும் பார்த்து முடித்தபோது உச்சி வெயில் தாண்டிவிட்டது. காலையிலிருந்து சாப்பிடவில்லை. சுப்பையன் வீட்டிலிருந்து வந்த மோரைக் குடித்துவிட்டு வாய்க்கால் மதகில் உட்கார்ந்தார்.

அங்கே உட்கார்ந்துதான் அவருக்கு அது உறைத்தது.

கல்யாணமான புதிதில் வேதாரண்யம் கோவிலுக்குப் பஸ்ஸில் போனார்கள். பக்கத்து சீட்டுக்காரர் யாரோ, கோடியக்கரையில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் என்று சொன்னார். "போய்ப் பார்த்துட்டுப் போவோமாங்க?" என்று பெரியநாயகி கேட்டாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது, அடுத்த தைக்கு வருவோம் என்றார். அதற்குப் பிறகு எத்தனை தை வந்து போயிற்று. பிள்ளைகள் பிறந்து, படித்து, வெளியூர் போய்விட்டார்கள். பத்மினியும் வந்தது. பத்மினியை அவர் மெக்கானிக்கிடம் காட்டப் பாண்டிச்சேரிவரை ஓட்டிப் போயிருக்கிறார்.

'நிறுத்துங்க' என்று அவள் சொன்ன இடங்களை நினைத்துப் பார்த்தார். வயலில் என்னமோ நிற்கிறது என்றாளே, என்ன நின்றது? அந்த மரத்தில் என்ன பூ? ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. பிரேக்கை மிதித்தது ஞாபகம் இருந்தது. எரிச்சல் ஞாபகம் இருந்தது. அவள் கை காட்டிய பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பின்னால் வருகிறவன் இடித்துவிடுவானோ என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்நேரம் அவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவளுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய இடத்தில் முகைதீன் பிச்சை நின்றுகொண்டிருப்பான்.

அவர் வீட்டுக்குத் திரும்பி, பூட்டிய வாசலில் பத்மினிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தபோது, பொழுது சாய ஜீப் வந்து நின்றது. எல்லோரும் கை அசைத்துவிட்டுப் போனார்கள். பெரியநாயகி இறங்கி வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. இத்தனை சந்தோஷமான முகத்தை அவர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை.

"எப்ப வந்தீங்க?"

"இப்பதான்."

கதவைத் திறந்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கும்போது அவர் பக்கம் லேசாக மூக்கைச் சுளித்தாள்.

"நெடுங்காட்டு வயல்ல இப்பல்லாம் வஞ்சிரம்தான் விளையுதுங்களா?"

செம்பு வாயில் இருந்தபடியே நின்றது.

"ராஜ்மோகன் பொண்டாட்டி பிரதீபா வியாழக்கிழமையே போன் பண்ணிட்டா" என்றாள் பெரியநாயகி, புடவைத் தலைப்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே. "'ஞாயித்துக்கிழமை பேங்க்ல ஆடிட்டுன்னு சொல்றார்க்கா, யாரு சொல்லிக் கொடுத்தாங்கன்னு ஒரு அதட்டுப் போட்டேன், சோமசேகரன் சாரு, கோடியக்கரைக்குப் போறதுக்குன்னு சொல்லிட்டார்'ன்னா. புதுப் பிள்ளை பாவம், பொய் சொல்லத் தெரியல. நீங்க இன்னும் கொஞ்சம் பழக்கி விட்டிருக்கணும்."

"நாயகி..."

"நான் ஒண்ணும் பொய் சொல்லலைங்க. நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்களோ, அதையேதான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையைக் குனிந்தபடியே கேட்டார்:

"பூநாரை இருந்துச்சா?"

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இருந்துச்சுங்க. தூரத்துலேர்ந்து பார்க்குறப்ப, தண்ணி ஓரமா யாரோ வேட்டி காயப்போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். வெள்ளையா, வரிசையா. கிட்டப் போனதும் எல்லாம் ஒண்ணா எழும்புச்சு பாருங்க, றெக்கைக்குள்ள அத்தனையும் செவப்பு. அவ்வளவு நேரம் அதை உள்ளேயே மறைச்சு வெச்சுக்கிட்டு நிக்குதுங்க. ஆஸியா அக்கா அழுதுட்டாங்க."

"நீ?"

"எனக்குப் பேச்சே வரலை."

சோமசேகரன் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் பெரியநாயகிக்குப் பேச்சு வராமல் போன ஒரே ஒரு தருணம். அதைக் காரைக்காலில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். அவர் பார்க்கவில்லை. நெடுங்காட்டில் எலி வெட்டிய கதிரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் நாயகி" என்றார். "உன்னை நான்தான் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

அவள் அவர் கையின் மேல் கையை வைத்தாள். அங்கே இன்னும் வயல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"நானும் அதையேதாங்க நெனச்சேன். வழி முழுக்க நெனச்சுக்கிட்டே வந்தேன். நீங்க வந்திருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்னு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நெஜமாவா?"

"பின்னே? வேதாரண்யத்துல நல்ல கல்லுப்பு, மூட்டை மூட்டையா கெடந்துச்சு. ஜீப்புல வெக்க இடமே இல்லைங்க. நம்ம வண்டிக்குன்னா டிக்கி பெருசு."